மாமையும் பசலையும்: கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பவளம்

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவன் பவள வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் அவ்வாறே இருக்கிறது. ஆயினும் கடந்த ஓராண்டாக என்னை உறுத்திவரும் ஒரு செய்தியை இங்கே இறக்கி வைக்காவிட்டால் மனம் ஆறாது. செய்தி சிறியதுதான். ஒரு பவளம் நிறம் மாறியது. அந்த மாற்றத்தை இருவர் தவறாகப் படித்தோம். அவர்களுள் ஒருவன், நிறமாற்றத்தைப் படிப்பது எப்படி என்று இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன்.

சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில் சிங்கப்பூர் ஈசூனில் தங்கை வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பொறியியல் படிக்கும் தங்கை மகன் கூடத்தின் ஒரு மூலையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறான். நான்கடி நீளக் கண்ணாடிக்குள் கோமாளி மீன்கள் இரண்டு, சில நத்தைகள், பாறைகள், அவற்றின்மேல் ஒட்டவைத்த பவளத் துண்டுகள். பூந்தொட்டியில் பதியன் போடுவதுபோலப் பவளத்தையும் ஒடித்து ஒட்டவைத்து வளர்க்கலாம் என்பதையே அங்குதான் அறிந்தேன்.

அவன் கவலையெல்லாம் ஒரு துண்டைப் பற்றி. அக்ரோபோரா என்னும் மான்கொம்புப் பவளம். கடையில் வாங்கியபோது பச்சை உடலும் நாவற்பழ நிறத்து நுனிகளுமாக இருந்ததாம். தொட்டியின் அடியில் வைத்த இரண்டே மாதத்தில் கருப்பட்டி நிறத்துக்கு மாறிவிட்டது. "மாமா, இது செத்துக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன். பாருங்க, எவ்வளவு அசிங்கமா ஆயிடுச்சு!" என்றான். நான் குனிந்து பார்த்தேன். கொம்புகள் எங்கும் கடுகளவு பூக்கள் விரிந்து நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. அவன் விளக்கை நீலத்துக்கு மாற்றியதும் பழுப்பாய்க் கிடந்த உடலில் மங்கலான பச்சை ஒளி கசிந்தது. செத்த பொருளாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பேச்சுக்கு, "வாங்கும்போது இருந்த நிறம் மறுபடி வராதா?" என்று கேட்டுவைத்தேன். வரவழைக்க வழி இருக்கிறது என்றான் அவன். கதை தொடங்கியது அங்கேதான்.

*

மேலே செல்லுமுன் ஒரு சொல்லாராய்ச்சி. தொழில் புத்தி, பொறுத்தருள்க.

பவளம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது சிவப்பு. சங்கப் பாடல்களில் துகிர் என்று வருவதும் அந்தச் சிவப்புத்தான். நகைக்கடையில் மோதிரத்தில் பதிக்கப்படும் அந்தப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக்கடலில் விளைவது. கிறித்துவுக்குப்பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கடல்வழிக் கையேடு, முசிறித் துறைமுகத்தில் இறக்குமதியான சரக்குகளுள் பவளத்தையும் குறிப்பிடுகிறது. அதன் சிவப்பு எலும்புக்குள் ஊறிய சிவப்பு. உயிர் போனாலும் நிறம் போகாது. ஆகவேதான் அது அணியாக முடிந்தது. உதட்டுக்கு உவமையாகவும் முடிந்தது.

பவளப்பாறைகளைக் கட்டும் பவளம் வேறு. இலங்கையிலும் மன்னார்க் கரையிலும் முருகைக்கல் என்று வழங்குவது அதைத்தான். அதன் எலும்பு வெறும் சுண்ணாம்பு, வெள்ளை. நிறம் முழுவதும் அந்தச் சுண்ணாம்பின்மேல் மெல்லிய திரையாகப் படர்ந்திருக்கும் உயிர்ச்சதையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும் நாம், முன்னதன் மாறாத தன்மையைப் பின்னதிடமும் எதிர்பார்க்கிறோம். கடையில் பார்த்த நிறம் வீட்டிலும் அப்படியே இருக்கவேண்டும் என்னும் ஆசை, உயிருள்ள ஒன்றை நகையாகக் கருதும் ஆசை.

*

இனி, அந்தச் சதையில் நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். அங்கே இரு தரப்பினர் குடியிருக்கிறார்கள்.

பவளம் ஒரு விலங்கு. அதன் உயிரணுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலேயே பத்து இலட்சம் என்னும் அளவில் அவை நெருங்கியிருக்கும். பகலெல்லாம் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதில் பெரும்பங்கை விலங்குக்குக் கொடுக்கின்றன. விலங்கோ தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பாசிக்குத் தருகிறது. தங்க இடமும் தருகிறது. இந்தப் பாசிகளின் நிறம் பொன்பழுப்பு. பச்சையத்தோடு பெரிடினின் என்னும் செம்மஞ்சள் நிறமியும் கலந்திருப்பதால் வரும் பழுப்பு அது. பவளத்தில் பழுப்பைக் கண்டால், குடியிருப்பவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள்.

பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு, நீலம் ஆகியவை விலங்கே உருவாக்கும் புரதங்களால் வருபவை. இவற்றுள் சில நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழ்பவை. சில ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு ஊதாவாகவும் நீலமாகவும் தோன்றுபவை. ஆழமற்ற நீரில் வாழும் பவளத்துக்கு இவை வெயிலுக்குப் பிடித்த குடை. ஒளி கூடினால், அதிலும் குறிப்பாக நீல ஒளி கூடினால், பல பவளங்கள் இந்தக் குடையை அகல விரிக்கின்றன. பாசி குறைவாக இருக்கும் வளர்நுனிகளில் இவை தனித்துத் தெரிவதால்தான் கொம்பின் நுனி ஊதாவாகவும் உடல் வேறு நிறமாகவும் காட்சி தருகின்றன.

ஆக, நாம் காணும் நிறம் பாசியின் பழுப்பும் விலங்கின் வண்ணமும் எலும்பின் வெண்மையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கூட்டு. நிறம் மாறுகிறதென்றால் இந்த மூன்றின் விகிதம் மாறுகிறது.

இதை விளங்கிக்கொண்டால் தொட்டியில் நேரும் மாற்றங்களை வகைபிரிப்பது கடினமன்று.

முதலாவது, பவளம் மாறாமலே பார்வை மாறுவது. கடைகளில் பெரும்பாலும் நீலவிளக்கின்கீழ்தான் பவளத்தை வைத்திருக்கிறார்கள். ஒளிரும் புரதங்கள் அங்கே தீப்போல எரியும். வீட்டில் வெள்ளை ஒளியில் அதே பவளம் சாதுவாக இருக்கும். துணிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பழுப்பேறுவது. ஒளி குறைந்தால் ஒவ்வொரு பாசியும் தன் நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. இரண்டுமே பழுப்பாகத் தெரியும். தங்கை மகன் தொட்டியில் இரண்டும் சேர்ந்திருந்தன. பவளம் அடியில் நிழலில் இருந்தது. மீன்களுக்கு அவன் அள்ளிப்போட்ட தீனியால் நைட்ரேட் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏறியிருந்தது.

மூன்றாவது, மெல்ல வெளுப்பது. ஒளி மிகுந்து, சத்துகள் வற்றிப்போனால் பாசிகள் குறைகின்றன. பழுப்பு விலக விலக, விலங்கின் பச்சையும் ஊதாவும் வெள்ளை எலும்பின் பின்னணியில் மென்மையாக ஒளிரத் தொடங்குகின்றன. சர்க்கரை மிட்டாய் நிறங்கள். வளர்ப்பவர்களில் ஒரு சாரார் தவமிருந்து தேடும் நிறங்கள் இவைதாம்.

நான்காவது, வெளிறிப்போவது. வெப்பம் தாங்கும் எல்லையைக் கடந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதுபட்டு நச்சாகிய ஆக்சிஜன் வகைகள் பெருகுகின்றன. உறவு முறிந்து பாசிகள் வெளியேறுகின்றன. அல்லது உள்ளேயே அழிகின்றன. அப்போதும் பவளம் உடனே சாவதில்லை. சதை கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளிருக்கும் எலும்பு தெரிகிறது. உற்றுப்பார்த்தால் பூக்கள் இருக்கும். செத்த பவளத்தில் பூவும் இராது, சதையும் இராது. சில நாள்களில் எலும்பின்மேல் வேறு பாசி பஞ்சுபோல் படியும். வெளிறியது பட்டினி கிடப்பது, செத்தது செத்தது. இந்த வேறுபாடு தெரியாமல் உயிருள்ளதைக் குப்பையில் எறிந்தவர்களும் உண்டு.

*

விடுமுறை முடிந்து நான் ஊர் திரும்பினேன். தங்கை மகன் வேலையில் இறங்கினான். பழுப்பை விரட்ட வேண்டும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்களை வடிகட்டியில் நிரப்பினான். மீன்தீனியைப் பாதியாகக் குறைத்தான். கழிவை நுரையாக்கி அகற்றும் கருவியைப் பெரிதாக மாற்றினான். அந்த மான்கொம்பை ஒடித்து, பெரும்பகுதியை மேலே விளக்குக்கு நெருக்கமாக ஏற்றிவைத்தான். விரலளவு சிறு துண்டொன்று மட்டும் அடியில் பாறையிடுக்கில் தங்கிவிட்டது. எல்லாம் ஒரே மாதத்தில்.

ஆகஸ்டு மாதம் அலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். பழுப்பு போன இடம் தெரியவில்லை. இளம்பச்சை உடல், இளஊதா நுனிகள். பீங்கானில் வார்த்தது போன்றதொரு மென்மை. கீழே ஒரு வரி: "நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், மாமா!" நான் உடனே பதில் எழுதினேன்: "என்ன அழகு! பழைய நிறத்தைவிட இது எவ்வளவோ மேல்!"

அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை.

அக்டோபரில் அவர்கள் இரண்டு நாள் மலாக்கா சென்றிருந்தபோது நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுவிட்டது. 26 பாகையில் இருந்த நீர் 31ஐத் தாண்டியிருந்தது. மேலே விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. திரும்பிவந்த ஒரு வாரத்துக்குள் உயரத்தில் இருந்த மான்கொம்பு அடியிலிருந்து சதை உரிந்து எலும்பாயிற்று. அதனோடு வேறு மூன்று துண்டுகள். மிஞ்சியவற்றுள் ஒன்று, பாறையிடுக்கில் மறந்துபோன அந்த விரலளவு பழுப்புத் துண்டு.

ஒரு தொட்டியில் ஒருமுறை நடந்தது எதையும் மெய்ப்பிக்காது. நிழலில் இருந்ததால் அது பிழைத்தது என்பதே எளிய விளக்கம். வெப்பமும் ஒளியும் சேர்ந்து தாக்குவதுதான் பவளத்துக்குக் கொடியது. இவ்வளவு சூட்டில் எதுவும் செத்திருக்கலாம் என்பதும் உண்மை. ஆயினும் இதற்கப்பால் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சவுதாம்டன் பல்கலைக்கழகப் பவள ஆய்வகத்தைச் சேர்ந்த வீடன்மன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பாசிக்குப் பாஸ்பேட் பற்றாக்குறை நேர்ந்தால் வெப்பத்துக்கும் ஒளிக்கும் அந்தப் பவளம் எளிதில் இரையாகிறது என்று காட்டியது. நாங்கள் பூஜ்யம் என்று கொண்டாடியது அந்தப் பற்றாக்குறையைத்தான். அழகென்று நான் மெச்சிய இளநிறம், பாதி காலியாகிவிட்ட வீட்டின் நிறம்.

*

இந்த இடத்தில்தான் எனக்கு மாமை என்னும் சொல் நினைவுக்கு வந்தது. வரவேண்டிய நேரத்தில் வராமல், எல்லாம் முடிந்தபின் வந்தது.

அகப்பாடல் படித்தவர்களுக்கு மாமையையும் பசலையையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: தலைவியின் இயல்பான மேனி நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்லும் பழுப்புக் கலந்த மென்மை. தலைவன் பிரிந்தால் அந்த மாமை அழிந்து, பசலை படர்கிறது. பீர்க்கம்பூவை ஒத்த வெளிர்மஞ்சள். திருக்குறளில் இதற்கென்றே பசப்புறுபருவரல் என்னும் 119ஆம் அதிகாரம் இருக்கிறது. தழுவிய கை சற்றே நெகிழ்ந்ததும் அள்ளிக்கொள்வதுபோல் பசலை வந்துவிடுகிறது என்று அங்கே தலைவி சொல்கிறாள். பசலையை எந்தப் புலவனும் தனியொரு மேனியின் நோயாகப் பாடவில்லை. அது இருவருக்கிடையே நேர்ந்த ஒன்று, ஒருவர் மேனியில் எழுதப்படுவது.

பவளத்தின் பழுப்பை மாமை என்றும், வெளிறுதலைப் பசலை என்றும் சொன்னால் அது வெறும் அலங்காரமாகுமா என்று பலநாள் யோசித்தேன். பவளத்துக்கு ஏக்கமில்லை, பாசி தலைவனுமல்லன். ஆயினும் ஒரு புள்ளியில் ஒப்புமை துல்லியமாகப் பொருந்துகிறது. இரண்டிடத்தும் நிறம் என்பது ஓர் உறவின் நிலை. அதைத் தனிப்பொருளின் பண்பாகக் கருதி, நிறத்தை மட்டும் திருத்த முயல்பவர் நோயின் குறியைத் துடைத்துவிட்டு நோயை வளர்க்கிறார்.

வகுப்பில் ஒருமுறை குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "மாமைன்னா கறுப்பா, ஐயா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறுப்பு என்றால் அந்த வகுப்பில் சிரிப்பு எழும் என்று தெரியும். "மாந்தளிர் போன்ற நிறம்" என்று உரையிலிருந்து ஒரு தொடரை எடுத்து நழுவிவிட்டேன். மாப்பழுப்பை இயல்பென்றும் அழகென்றும் கொண்டு, வெளுப்பை நோயென்று பாடிய மொழியின் வாரிசுகள் நாம். இன்று மணமகள் தேவை விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்கிறோம். முகம் வெளுக்கப் பசை வாங்குகிறோம். அந்தக் கண்ணோடு தொட்டியைப் பார்த்தவனுக்குப் பழுப்பு அசிங்கமாகவும் வெளுப்பு அழகாகவும் தெரிந்ததில் வியப்பென்ன?

*

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பழுப்பெல்லாம் நலமா என்றால், இல்லை. நீர் கெட்டுச் சத்துகள் வரைமுறையின்றிப் பெருகி, பாசிகள் மட்டுமீறிப் பெருகுவதும் பவளத்துக்குச் சுமைதான். குடியிருப்பவர் இருக்கவேண்டும், வீட்டை அடைத்துக்கொள்ளக் கூடாது. தங்கை மகன் தொட்டியில் 30 மில்லிகிராம் நைட்ரேட் குறைக்க வேண்டியதே. குறைத்ததில் தவறில்லை. நிறத்தைத் துரத்தி, ஒரே மாதத்தில் பூஜ்யம்வரை குறைத்ததும், அதே வேகத்தில் ஒளியையும் கூட்டியதும்தான் தவறு.

வண்ணமெல்லாம் நோயா என்றால், அதுவும் இல்லை. நல்ல ஒளியும் அளவான சத்தும் நிலையான நீரும் கிடைத்தால் பாசியும் செழிக்கும். விலங்கின் வண்ணமும் செறிவாக இருக்கும். செறிந்த நிறத்துக்கும் வெளிறிய நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிய கண் காணும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணைப் பறிக்கும் வண்ணம் சில வேளை அபாயத்தின் அறிவிப்பு. மிதமான அல்லது குறுகிய காலச் சூட்டில் பாசியை இழந்த பவளங்களுள் சில வெள்ளையாக மாறாமல், திடீரென்று நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒளிவிடுகின்றன. 2017இல் வெளிவந்த 'சேசிங் கோரல்' ஆவணப்படத்தில் நியூ கலிடோனியாவின் பவளங்கள் இவ்வாறு ஒளிர்ந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். மேற்சொன்ன சவுதாம்டன் குழுவினர் 2020இல் இதன் காரணத்தை விளக்கினர். ஒளியை விழுங்கப் பாசி இல்லாதபோது, வெள்ளை எலும்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி சதைக்குள் பெருகுகிறது. அந்தப் பெருக்கே விலங்கைத் தூண்டி நிறமியை மிகுதியாகச் செய்யவைக்கிறது. குடை விரிகிறது, நிழல் விழுகிறது, போன பாசி திரும்பிவர இடம் உண்டாகிறது. சுற்றுலாப் பயணி அதைப் பார்த்தால் பவளப்பாறையின் பொற்காலம் என்றுதான் நினைப்பான்.

அழகுக்காகத்தானே வளர்க்கிறோம், அதைக் கூடாது என்றால் எப்படி என்று கேட்பவர்களுக்கு: அழகைக் காணவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டுக் காணுங்கள் என்கிறேன். யாப்புத் தெரியாமலும் பாட்டை ரசிக்கலாம். ஆனால் பாட்டைத் திருத்தப் புகுபவனுக்கு யாப்புத் தெரிந்திருக்க வேண்டும். தொட்டி வைத்திருப்பவன் நாள்தோறும் திருத்திக்கொண்டிருப்பவன்.

பவளத்தை வீட்டில் வைப்பதே தகுமா என்னும் கேள்வி இதனினும் பெரிது. இந்தியக் கடல்களின் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கரையில் ஒரு துண்டை ஒடித்துக்கொண்டு வருவது, வேட்டையாடுவதற்கு ஒப்பான குற்றம். பிறநாடுகளில் தொட்டியிலேயே ஒடித்துப் பெருக்கிய துண்டுகளை வாங்கி வளர்ப்பவர்களை அதே தட்டில் வைக்க நான் துணியவில்லை. வீட்டுத்தொட்டிகள் அறிவியலுக்குச் செய்த உதவியும் உண்டு. 1999இல் உருசிய ஆய்வாளர்கள் பவள இனங்களிலிருந்து ஒளிரும் புரதங்களைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். உயிரணு ஆய்வில் இன்று உலகெங்கும் பயன்படும் சிவப்புப் புரதம் அவற்றுள் ஒன்று. அந்த உயிரினங்கள் அவர்களுக்குக் கிடைத்தது எந்தக் கடலிலும் அன்று. மாஸ்கோ நகரத்து மீன்தொட்டிகளில். நிறத்தைக் கண்டு, இது ஏன் என்று கேட்டதால் கிடைத்த பயன் அது.

*

அப்படிக் கேட்க விரும்பும் வளர்ப்பவர்களுக்கு, தங்கை மகனிடமிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்லலாம். பவளத்தின் நிறம் நாள்கணக்கில் அன்று, வாரக்கணக்கில் மாறுவது. இன்று செய்த மாற்றத்தின் விடை அடுத்த மாதம்தான் தெரியும். ஆகவே ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஒளியைக் கூட்டுவதாயின் பல வாரங்களில் சிறிது சிறிதாக. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அளந்தால் தெரியும் அளவிலாவது இருக்கவேண்டும். ஒரே இடத்தில், ஒரே விளக்கில், ஒரே நேரத்தில் வாரம் ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும். நேற்றைய நிறத்தை நினைவிலிருந்து ஒப்பிடும் கண் பொய் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தைப் பார்க்குமுன் பூக்கள் விரிகின்றனவா, நுனி வளர்கிறதா, அடிச்சதை உரியாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தொட்டியில் இவ்வளவாவது செய்ய முடிகிறது. சில்லரைப் பழுதுபார்க்கலாம், விளக்கை அணைக்கலாம். கடலுக்குச் சில்லர் இல்லை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே பாறைகள் வெளிறத் தொடங்கும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிறின. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட, 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடாவிலும் 2010இலும் 2016இலும் பெரும் வெளிறல் நேர்ந்தது. சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை ஒரு காலத்தில் வெட்டியெடுத்துத் தீவுகளையே மூழ்கவிட்ட கடல் அது. 2023 சனவரி முதல் 2025 மார்ச் வரை உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காடு, வெளிறச்செய்யும் அளவு வெப்பத்துக்கு ஆளானதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஈசூன் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாளில் நடந்தது அங்கே கடலளவில் நடக்கிறது. அந்தப் பசலையைப் பார்ப்பதற்குக் கூட நம்மில் பெரும்பாலோர்க்குக் கண் பழகவில்லை. படங்களில் பவளப்பாறை என்றால் ஏழு வண்ணம் என்று பார்த்துப் பழகிய நமக்கு, நலமாக இருக்கும் பாறை பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும் என்பது தெரியாது. தெரியாததால் அது போவதும் தெரியாது.

சென்ற வாரம் தங்கை மகனிடமிருந்து மீண்டும் ஒரு படம் வந்தது. பாறையிடுக்கில் பிழைத்த அந்தத் துண்டு இப்போது நான்கு கிளை விட்டிருக்கிறது. உடல் பழுப்பு, கொம்பின் நுனிகளில் மட்டும் ஊதா துளிர்த்திருக்கிறது. "மேலே ஏத்தலாமா மாமா?" என்று கேட்டிருந்தான். "அவசரம் வேண்டாம், நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். எழுதிவிட்டு, அடுத்த பருவத்தில் குறுந்தொகை நடத்தும்போது மாமை என்னும் சொல் வந்தால் அந்த மாணவிக்குச் சொல்லாமல் விட்ட விடையை இந்த வகுப்புக்காவது சொல்லவேண்டும் என்று குறித்துவைத்துக்கொண்டேன்.